ஒட்டுப் போட்ட இடம்

மேசையின் நடுவில் பன்றித் தலை இருந்தது. பதமாக வேகவைத்த தலை. காது இரண்டும் விறைத்து நிற்க, கண் மூடி, வாய் விரிந்து சிரித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். சிரிக்கிற தலைக்கு எங்கள் ஊரில் விலை அதிகம். இரு பக்கமும் பேரிக்காய், ஆப்பிள், அரிசிக் கேக், வற்றல் மீன், ஒரு குடுவை அரிசி மது. பின்னால் நின்ற கருங்கல்லில் ‘எங்களுக்காக உயிர் கொடுத்த விலங்குகளின் நினைவாக’ என்று வெட்டியிருந்தது. அந்த வருஷம் அப்படி உயிர் கொடுத்தவற்றில் சில எலிகளும் முயல்களும் போக மிச்சமெல்லாம் பன்றிகள். ஆய்வுக்கூடத்துக்காரர்கள், டாக்டர்கள், மாணவர்கள் என்று நாங்கள் எல்லோரும் கறுப்பு உடையில் வரிசை கட்டி நின்றிருந்தோம். அக்டோபர் வெயிலில் அந்தத் தலை மட்டும் பளபளவென்று சந்தோஷமாக இருந்தது.

புதுக் கடை திறப்பவனும் புது லாரி வாங்கியவனும் வைத்து, வாயில் காசு செருகிக் கும்பிட வேண்டிய தலை அது. செத்துப்போன பன்றிகளிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் அதை வைக்கலாமா? அலுவலகத்து பாங் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். படையலுக்கு ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஐம்பது தாண்டிய மனிதர், காது வரை சிவந்து, தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்திருந்தார். ஆய்வுக்கூடத்தின் தலைவர் மேங், கால்நடை மருத்துவர், கையில் வைத்திருந்த இரங்கல் உரையைப் பிரிக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை. அப்போதுதான் என் பேராசிரியர் தாக் சார் முன்னால் போனார். வயதில் மூத்தவர் என்பதால் முதல் வணக்கம் அவருடையது. மண்டியிட்டு இரண்டு முறை விழுந்து கும்பிட்டார். எழுந்தார். நாற்பது வருஷமாக எத்தனை திறப்பு விழா பார்த்த கை! அது தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய், ஒரு பத்தாயிரம் வொன் நோட்டை எடுத்து, அழகாக மடித்து, பன்றியின் வாயில் செருகிவிட்டது.

செருகிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. திரும்ப உருவுவதா, அப்படியே விடுவதா என்று கை பாதி வழியில் நின்றது. எனக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அது நிலைக்கவில்லை. ஏனென்றால் அன்று மதியம் நான் ஒரு பன்றியைத் திறந்தாக வேண்டும், அந்தப் பன்றிக்குள் ஒரு மனிதனுக்கான பதில் இருந்தது.

அந்த மனிதர் பெயர் குக் பியொங்-தே. மலைச்சரிவில் ஜின்செங் மூலிகைக் கிழங்கு பயிரிடுகிறவர். அறுபத்து மூன்று வயது. பவர் டில்லர் சரிவில் பின்வாங்கி, அதன் கைப்பிடி அவர் மேல்வயிற்றைக் குத்தி முதுகெலும்போடு சேர்த்து நசுக்கியது. இரைப்பை முடிந்ததும் வளைந்து ஓடுகிறதே, முன்சிறுகுடல், அது சுற்றளவில் பாதிக்கு மேல் கிழிந்துவிட்டது. அந்த இடத்தில் கிழிந்தால் தையல் லேசில் நிற்காது. பித்தமும் கணைய நீரும் அங்கேதான் கொட்டுகின்றன. தைத்த சதையையே அவை கரைத்துவிடும். தாக் சாரின் வழி பெரிய வழி. கிழிசலைத் தைத்து, இரைப்பையின் கீழ்வாயையும் தைத்து மூடி, சாப்பாடு கீழே இறங்க வேறு பாதை போட்டுவிடுவது. பல உயிர்களைக் காப்பாற்றிய வழி, பெயர் வாங்கிக் கொடுத்த வழி. என் வழி சின்னது. கீழே ஓடும் குடலில் ஒரு வளையத்தை மேலே இழுத்து, கிழிசலின் மேல் படிய வைத்துத் தைத்துவிடுவது. சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போடுவதைப் போல. ஒன்றரை வருஷமாக நான் பன்றிகளில் இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். குக் வந்த அன்று தாக் சார் வெளியூர்க் கருத்தரங்கில் இருந்தார். ஆபரேஷன் மேசையில் குக்கின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. பெரிய வழிக்கு நேரமில்லை. ஒட்டுப் போட்டேன்.

ஒட்டு நின்றது. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனால் மூன்று வாரமாகியும் சாப்பாடு இறங்கவில்லை. மூக்கு வழியாகப் போட்ட குழாயில் எல்லாம் திரும்பி வந்தது. எக்ஸ்ரே படம் எடுத்தால் உள்ளே விட்ட மருந்து நூல்போல இறங்குகிறது. அது வெறும் வீக்கமா, வடிந்துவிடுமா? இல்லை, ஒட்டுப் போட்ட இடம் தழும்பேறிச் சுருங்குகிறதா? வீக்கமென்றால் காத்திருக்க வேண்டும். தழும்பென்றால் மறுபடி திறக்க வேண்டும். மூன்றாவது வாரத்து வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கை வைத்தால் எது எதோடு பிய்ந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மெலிந்த உடம்பு இன்னொரு ஆபரேஷனைத் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. இப்படியே எலும்பும் தோலுமாகக் காத்துக்கிடந்தால் தாங்குமா என்பதும் தெரியாது.

“பண்ணினது நீ. உன் பன்னிங்க என்ன சொல்லுது?” என்று தாக் சார் கேட்டார்.

பன்றிகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதுதான் என் தலைவலி. ஒட்டுப் போட்டவற்றில் பாதி சுருங்கியிருந்தன, பாதி சுருங்கவில்லை. ஒன்றே ஒன்று மிச்சம். அதன் கிழிசல் குக்கின் கிழிசலுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. இடமும் அதே, அளவும் ஏறக்குறைய அதே. நன்றாகச் சாப்பிட்டது, எடை கூடியது. ஆனால் அதற்கு முந்தையதும் நன்றாகத்தான் சாப்பிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் நுழையவில்லை. ஆகவே திறக்காமல் தெரியாது. “சரி, அதைத் திற. உள்ளே நல்லா இருந்தா நான் வாய மூடிக்கிறேன். இல்லேன்னா அன்னிக்கே குக்கத் திறக்குறோம்,” என்றார். அதனால்தான் அந்த மதியம்.

இப்போது கூட்டம் கலைந்து, படையல் மேசைக்குப் பக்கத்தில் மேங்கும் பாங் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுத் தலையை மூடிவிட்டிருந்தார்கள். காது இரண்டும் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றதால் அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

“கடைக்காரன் என்ன விசேஷம்னு கேட்டான். பன்னிக்குப் படையல்னேன். பன்னியோட படையல்னு அவனுக்குக் காதுல விழுந்துச்சோ என்னவோ,” என்றார் பாங் அண்ணன்.

“அவன் காதுல என்ன விழுந்தா என்ன? காலைல வண்டில வந்து எறக்குனப்ப உம்ம கண்ணு எங்கய்யா போச்சு?”

“மூடி போட்டு வந்துச்சு சார். தெறந்தப்ப எல்லாரும் வரிசைல நின்னாச்சு.”

மேங் என்னைப் பார்த்தார். நான் கேட்க வந்தது அவருக்குத் தெரியும். “இல்ல, பியோ. இன்னிக்கு இங்க யாரும் கத்தி எடுக்கக் கூடாது.”

“அனுமதி போன வாரமே குடுத்துட்டீங்களே சார்.”

“குடுத்தேன். இப்ப இல்லேங்குறேன். மன்னிப்புக் கேக்க வந்த எடத்துல அதுங்க சொந்தக்காரனையே வேகவச்சு நீட்டிட்டோம். அதோட விட்டமா? வாயில காசு வேற. இதுக்கு மேல மத்தியானம் ஒண்ணைக் கொன்னா நான் ராத்திரி தூங்க முடியாது. நாளைக் காலைல பழம், தீவனம் மட்டும் வச்சு ஒழுங்கா ஒரு தடவ கும்பிடுறோம். அப்புறம் உன் வேலையப் பாரு.”

“அங்க ஒரு மனுஷன் படுத்திருக்கார் சார்.”

“தெரியும். இங்க ஒரு பன்னி நின்னுட்டிருக்கு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அறிவியல் படித்த மனிதர், படையலில் தப்பு நடந்தது என்பதற்காக ஒரு நோயாளியின் நாளைத் தின்கிறாரே என்று. அதே சமயம், அவர் வேண்டாமென்று சொன்னதும் என் தோளிலிருந்து எதுவோ இறங்கியதும் உண்மை. இன்றைக்கு இல்லை. நாளைக்குத்தான். தப்புக் கண்டுபிடிக்கப்படுவது ஒரு நாள் தள்ளிப்போன பள்ளிக்கூடப் பிள்ளையின் நிம்மதி. அந்த நிம்மதிக்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டில் எது நான் என்று புரியாமலே வார்டுக்கு நடந்தேன்.

குக் கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டி, மூக்கில் குழாய். பக்கத்தில் அவர் மனைவி ஓக்-பூன் ஒரு தெர்மாஸ் புட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்து மூடினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த கிம்ச்சித் தண்ணீர், முள்ளங்கி ஊறிப் புளித்தது. கணவர் குடிக்கக் கூடாது என்று தெரிந்தும் தினமும் கொண்டுவருவார், சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடுவார்.

“என்ன டாக்டரம்மா, அண்ணன் எப்படி இருக்கார்?” என்றார் குக்.

அண்ணன் என்றால் பன்றி. உங்களுக்குப் போட்ட அதே தையல் ஒரு பன்றிக்கும் போட்டிருக்கிறேன், உங்களுக்கு மூன்று வாரம் முன்னால், என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். எனக்கு முந்தித் தைத்தது என்றால் அது எனக்கு அண்ணன் முறை என்று அன்றைக்கே உறவு கொண்டாடிவிட்டார். நடந்ததைச் சொன்னேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தலை சிரித்ததை, தாக் சார் காசு செருகியதை, துணியைத் தூக்கிக்கொண்டு நின்ற காதை. ஓக்-பூன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். குக் சிரிக்க முயன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது” என்றார். வலி அடங்கியதும், ரொம்பக் கவலையாக, “அந்தத் தலைய என்ன பண்ணுனாங்க?” என்று கேட்டார்.

“காவல்காரங்க ரூமுக்குப் போயிடுச்சு.”

“குடுத்து வச்சவனுங்க. நறுக்கி, உப்பு எறாலத் தொட்டு...” கண்ணை மூடிக்கொண்டார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“அதனால திறந்து பாக்குறது நாளைக் காலைலதான். உங்களுக்கு ஒரு நாள் வீணாப் போச்சு. மன்னிச்சிருங்க.”

“எனக்கென்ன வீணு? படுத்துத்தான கெடக்கேன். அதுக்கு ஒரு நாள் லாபம்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்குறேன். அது நல்லாத் திங்குதுங்குறீங்க. ஓடுதுங்குறீங்க. என்னத்துக்கு அதத் திறக்கணும்? நல்லாருக்குன்னு அதான் சொல்லுதே.”

“வெளிய நல்லா இருந்தும் உள்ள சுருங்கியிருக்கலாம்.”

“உள்ள சுருங்கியிருந்தா?”

“உங்களுக்கும் அப்படி இருக்கலாம்.”

“சுருங்கலேன்னா?”

வாயைத் திறந்தேன். உங்களுக்கும் சுருங்கவில்லை என்று சொல்ல வேண்டிய இடம். அந்த வாக்கியத்தை ஒன்றரை வருஷமாக மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு கிழவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும்போது அது வெளியே வர மறுத்தது. “நம்பிக்கை கூடும்” என்றேன்.

“யாருக்கு?” என்று கேட்டது ஓக்-பூன். குத்திக் காட்டும் குரலில் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வடிகுழாயைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் பன்றிக் கொட்டடிக்குப் போனேன். போகவேண்டிய வேலை ஒன்றுமில்லை. அது சிறிய இனப் பன்றி, கறுப்பு, வயிற்றில் நடுவே நான் போட்ட நீளத் தழும்பு. தீவனத் தொட்டியில் முகத்தைப் புதைத்துச் சத்தம் போட்டுத் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. என்னிடம் அதற்குப் பகையும் இல்லை, பிரியமும் இல்லை. கிழித்ததும் நான், தைத்ததும் நான், வலிக்கு ஊசி போட்டதும் நான். நாளைக்கு இதன் குடல் நன்றாக இருந்தால் நான் துள்ளிக் குதிப்பேன், ஆனால் நன்றாக இருக்கும் ஒன்றைக் கொன்றிருப்பேன். சுருங்கியிருந்தால் இதற்காகப் பரிதாபப்படலாம், ஆனால் குக்கைத் திறக்க வேண்டும். எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. பாங் அண்ணன் காலைப் படையலில் மிஞ்சிய பேரிக்காய்களை ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுக்குக் குடுக்கலாமா பியோ டாக்டர்? நாளைக்கு ஆபரேஷன்னா வெறும் வயிறா இருக்கணுமே?”

“இன்னும் கொஞ்ச நேரத்துல தீவனத்த எடுத்துருவாங்க. அதுக்குள்ள குடுங்க.”

அவர் ஒவ்வொன்றாக நான்காக நறுக்கிப் போட்டார். விதை எடுத்துப் போட்டார். தப்புச் செய்த மனிதர் வேறென்ன செய்வார்?

மறுநாள் காலைப் படையல் கால் மணி நேரத்தில் முடிந்தது. பழமும் ஒரு கிண்ணம் தீவனமும் மட்டும். மேங் உரையை வாசித்தார். தாக் சார் சட்டைப் பையைப் பொத்தான் போட்டு மூடியிருந்தார். பிறகு பன்றிக்கு மயக்கம் கொடுத்து, எழுப்பாமலே, முடித்தோம். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. முன்சிறுகுடலையும் அதோடு சேர்ந்த வளையத்தையும் வெட்டி எடுத்துக் கழுவி, தட்டில் வைத்து நீளவாக்கில் திறந்தேன்.

ஒன்றுமில்லை.

வழவழவென்று ஈரமான இளஞ்சிவப்பு மடிப்புகள், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை. கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. கிழிசல் எங்கே, ஒட்டு எங்கே என்று தெரியவில்லை. தாக் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார்.

“பியோ, இதத்தான் கிழிச்சியா? வேற பன்னிய மாத்திக் கொண்டாந்துட்டியா?”

வெளிப்பக்கம் திருப்பினேன். வளையம் ஒட்டிய ஓரத்தில் நூலின் நீல நுனி ஒன்று, மயிரிழை அளவுக்கு, துருத்திக்கொண்டிருந்தது. என் முடிச்சு. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். “பிரமாதமா ஆறியிருக்கு. நான் போட்டாக்கூட இப்படி ஆறாது,” என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வர ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். வந்ததும் நெஞ்சு நிறையும் என்று நினைத்திருந்தேன். தட்டில் கிடந்த அந்த அழகான குடலைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“அப்ப குக்கத் திறக்க வேண்டாம்ல சார்?”

அவர் கையுறையைக் கழற்றினார். “வாய மூடிக்கிறேன்னு சொன்னேன், மூடிக்கிட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு. இது சின்ன வயசுப் பன்னி. பகல் முழுக்கத் திங்குது, தூங்குது. கிழிச்ச அடுத்த நிமிஷமே நீ தைச்சுட்ட. அந்தாள் மலையில அரை நாள் கெடந்தவன். இதுக்கு ஆறுனது அவனுக்கும் ஆறியிருக்கும்னு நான் எப்படிச் சொல்வேன்? ஆறலேன்னும் எப்படிச் சொல்வேன்?” கதவு வரை போய்த் திரும்பினார். “மத்தியானத்துக்கு ஆபரேஷன் தியேட்டர் உன் பேர்ல இருக்கு. கொண்டாறதும் கொண்டாராததும் நீ பாத்துக்க.”

இவ்வளவு நாளும் எனக்கு வேண்டியிருந்தது ஆதாரம் என்று நினைத்திருந்தேன். வேண்டியிருந்தது எனக்குப் பதிலாக முடிவு எடுக்க ஒரு ஆள். அது பன்றியாக இருந்தாலும் சரி. இப்போது அது தட்டில் இரண்டாகத் திறந்து கிடந்தது, அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்துவிட்டது, நான் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றேன்.

வார்டில் அவர்கள் இருவரும் எனக்காகக் காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

“அண்ணன் என்ன சொன்னார்?” என்றார் குக்.

“நல்லா ஆறியிருந்துச்சு. தைச்ச எடமே தெரியல.”

ஓக்-பூன் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிலைக் கும்பிட்டார். குக், “பாவம்” என்றார். “அப்ப நான்?”

“தெரியல,” என்றேன். ஒரு நோயாளியிடம் அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதில்லை. எப்போதும் அதை வேறு நாலு வார்த்தைக்குள் சுற்றித்தான் கொடுப்பேன். “உண்மையிலேயே தெரியல. இந்தக் குழாய மூடிப் பாக்கலாம். உள்ள வர்றதெல்லாம் கீழ எறங்கித்தான் ஆகணும். எறங்குனா உங்களத் திறக்க மாட்டேன். மேல வந்தா மத்தியானம் தியேட்டருக்குப் போறோம்.”

“மூடுங்க.”

“வயிறு உப்பும். வலிக்கும்.”

“மூடுங்க டாக்டரம்மா. அண்ணன் அவ்வளவு செஞ்சிருக்கான், நான் இதச் செய்யக் கூடாதா?”

குழாயை மடக்கிக் கவ்வியைப் போட்டேன். நர்ஸ் பார்த்துக்கொள்வாள், நான் போகலாம். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வெயில் போர்வையின் ஓரத்திலிருந்து அவர் முழங்கால் வரை ஏறியது. அவர் வயிறு மெல்ல மெல்ல உயர்வது போல எனக்குத் தெரிந்தது. கையை வைத்தால் அப்படி இல்லை போலவும் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

திடீரென்று குக்கின் நெற்றி சுருங்கியது. கழுத்து நிமிர்ந்தது. ஓக்-பூன் பாய்ந்து போய் எவர்சில்வர் பேசினை எடுத்து அவர் தாடைக்குக் கீழே பிடித்தார். அவரிடமிருந்து ஒரு பெரிய ஏப்பம் வந்தது. நீளமாக, அறை முழுக்கக் கேட்கும்படி. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கீழே வழி திறந்தாலும் அப்படி ஏப்பம் வரும், மேலே வரப்போவதற்கு முன்னாலும் வரும்.

குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளுக்குள் எதையோ உற்றுக் கேட்பது போல இருந்தார். நான் அவர் வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. ஓக்-பூன் பேசினைத் தாழ்த்தவில்லை. அதன் காலியான அடிப்பாகத்தில் எங்கள் மூன்று பேருடைய முகமும் கோணலாகத் தெரிந்துகொண்டிருந்தது.